அவைக்குறிப்பு எழுதிய ஸபீகா

குவைத் தேசிய மன்றத்தின் அவைக்குறிப்புப் பிரிவில் ஸபீகா தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அது 1975. மன்றம் அவளைவிட இளையது. மக்கள் தேர்ந்தெடுத்த ஐம்பது பேர் உட்காருவார்கள். மக்கள் என்றால் அந்தக் காலத்தில் ஆண்கள் மட்டும். அமீர் நியமித்த அமைச்சர்களும் அதே மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து ஓட்டுப் போடுவார்கள். உறுப்பினர் எவரும் எந்த அமைச்சரையும் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கலாம், பதவியைவிட்டே இறக்கலாம். சுற்றியிருக்கும் நாடுகளில் அப்படியொன்று கிடையாது என்பதில் குவைத்காரர்களான எங்களுக்கு நல்ல கர்வம். உள்ளே பேசுவதெல்லாம் ஒலிநாடாவில் ஏறும். அதைக் காதில் மாட்டிக்கொண்டு, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தட்டச்சு செய்வதுதான் அவள் வேலை.

ஒன்றரை வருஷத்தில் அமீர் மன்றத்தைக் கலைத்துவிட்டார். அடுத்த ஐந்து வருஷம் தேர்தலே இல்லை. ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் பேசுவதற்கு ஆளில்லாத இடத்தில் குறிப்பெழுதுகிறவளுக்கு என்ன வேலை? “ஊரே துக்கமா இருந்துச்சு. நான் நகம் வளர்த்துக்கிட்டு இருந்தேன்” என்று பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

1981இல் மன்றம் திரும்ப வந்தது. இரண்டு வருஷம் கழித்து ஸபீகாவுக்குத் திருமணம். மாப்பிள்ளை தஹாம், ராணுவத்தில் கார்ப்பரல். சாலையில் மயங்கி விழுந்த அவள் அப்பாவை ஜீப்பில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து சேர்த்தவன். மறுநாள் எப்படியிருக்கிறார் என்று பார்க்க வந்தான், அதற்கு மறுநாளும் வந்தான். நான்காம் நாள் அப்பா, “இவன் என்னைப் பார்க்க வர்ற மாதிரி தெரியலையே” என்றாராம்.

தஹாம் ஒரு பிதூன். குடியுரிமைத் தாள் இல்லாதவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ‘இல்லாமல்’ என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். என்ன இல்லாமல் என்று அது சொல்வதில்லை. பாலைவனத்தில் கூடாரம் அடித்து வாழ்ந்த அவன் தாத்தா, பதிவு செய்யச் சொன்ன காலத்தில் ஊருக்குள் வந்து பெயர் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். அந்த நாளில் அது பெரிய குறையாகவும் தெரியவில்லை. ராணுவத்தில் பாதிப்பேர் அவனைப் போலத்தான்.

அப்பா சம்மதித்தார். அண்ணன் அப்துல்வஹாப் சம்மதிக்கவில்லை.

“பிள்ளை பொறந்தா எந்த நாட்டுக்காரன்னு எழுதுவே?” என்று கேட்டான்.

“குவைத்ல பொறந்தா குவைத்காரன்தானே அண்ணே.”

“நீ சொல்லிக்க வேண்டியதுதான். சட்டம் அப்பன் யாருன்னுதான் கேட்கும். ஆத்தாளைக் கேட்காது.”

இதைச் சொல்லும்போதெல்லாம் ஸபீகா ஒன்றைச் சேர்த்துக்கொள்வாள். “எங்க அண்ணன் ஆயுசுல ஒரே ஒரு தடவைதான் சரியாச் சொன்னான். அது என் கல்யாணத்தன்னிக்கா இருக்கணும்?”

மறு வருஷம் ராகான் பிறந்தான். அவனுக்கு இரண்டு வயதாகும்போது மன்றம் மறுபடி கலைக்கப்பட்டது. ஆறு வயதில் போர் வந்தது. தஹாம் சிறைபிடிக்கப்பட்டு ஏழு மாதம் எதிரியின் முகாமில் கிடந்தான். திரும்பி வந்தபோது எடை பாதியாகியிருந்தது. அவனை ராணுவம் மறுபடி எடுத்துக்கொள்ளவில்லை. போருக்குப் பிறகு, எதிரிக்கு உதவியிருப்பார்களோ என்று பிதூன்களை எல்லோரும் சந்தேகமாகப் பார்த்தார்கள். சீருடையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அப்புறம் ஒரு பழைய வண்டியில் தர்ப்பூசணியும், குளிர்காலத்தில் பாலைவனக் காளானும் ஏற்றிச் சாலையோரம் விற்றான்.

1992இல் மன்றம் திரும்பியது. இரண்டு வருஷம் கழித்து நான் அந்தப் பிரிவில் சேர்ந்தேன். என் பெயர் பத்ரியா. அவள் தட்டச்சு செய்ததை நான் ஒலிநாடாவோடு ஒத்துப் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்த எதுவும் இருக்காது. ஒரு உறுப்பினர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் அவளும் பாதியில் நிறுத்தியிருப்பாள். முதல் வாரத்தில் நான் ஒருவருடைய கொச்சையைக் கொஞ்சம் சரிசெய்து எழுதிவிட்டேன். அவள் தாளைத் திருப்பித் தந்தாள்.

“அவர் அசிங்கமாப் பேசினா அசிங்கமாவே இருக்கட்டும் பத்ரியா. நாம அந்த மண்டபத்துல இல்லாத ஆளுங்க.”

1999இல் பெண்களுக்கு வாக்குரிமை தரும் தீர்மானம் வந்தது. ஆதரவு முப்பது, எதிர்ப்பு முப்பத்திரண்டு. நாடாவில் பெயர் பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவரும் பதில் சொன்னார்கள். அந்த அறுபத்திரண்டு பதிலையும் தட்டச்சு செய்தவள் ஒரு பெண். சரிபார்த்தவளும் பெண். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

“மூக்கை உறிஞ்சாதே, நாடா கேட்கல” என்றாள் ஸபீகா. பிறகு காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு, “எனக்கு ஓட்டு இல்லாட்டிப் போகட்டும். என் பிள்ளைக்கு ஒரு நாட்டுப் பேரு குடுத்தாப் போதும்” என்றாள்.

அந்த யோசனையும் மன்றத்துக்கு வந்துகொண்டேதான் இருந்தது. வெளியாளை மணந்த குவைத்தியப் பெண்ணின் பிள்ளைகளுக்கும் குடியுரிமை என்று யாராவது இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்கள். குழுவுக்குப் போகும். குழு பார்த்துக்கொண்டிருக்கும்போது அமைச்சரவைக்கும் மன்றத்துக்கும் சண்டை வந்து மன்றம் கலையும். உறுப்பினர் போனால் அவர் கொடுத்த யோசனையும் விழுந்துவிடும். புதிதாக வருகிறவர் எவராவது மறுபடி கையிலெடுத்தால்தான் உண்டு. எடுப்பார்கள், மறுபடி குழுவுக்குப் போகும். தன் மகனைப் பற்றிய பேச்சை அவள் எத்தனை முறை தட்டச்சு செய்தாளோ, எண்ணி வைக்கவில்லை. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களாவது எழுந்து போகலாம். அவளால் நாடாவைப் பாதியில் நிறுத்தக்கூட முடியாது.

2004இல், குடியுரிமை அலுவலகச் சன்னலில் உட்கார்ந்திருந்த எழுத்தர் அவளுக்கு ஒரு வழி சொன்னார். “நான் சொன்னேன்னு வெளியே சொல்லாதீங்க அம்மா. உங்க புருஷர் உங்களை, புது நிக்காஹ் இல்லாம திரும்பச் சேர முடியாதபடி தலாக் விட்டிருந்தாலோ, இல்ல இறந்துபோயிருந்தாலோ, பையன் இருபத்தோரு வயசுல மனு போடலாம். சட்டத்துலயே இருக்கு. எத்தனையோ பேரு அப்படித்தான் செய்யறாங்க.”

அதை அவள் வீட்டில் சொன்னபோது தஹாம் காபி குடித்துக்கொண்டிருந்தாராம். குவளையைக் கீழே வைத்துவிட்டு, “ரெண்டு வழி இருக்குங்கிறாரா? சாகறதுக்கு இப்ப எனக்கு நேரமில்ல, காளான் சீசன். தலாக்கே இருக்கட்டும்” என்றாராம்.

“விளையாடாதீங்க.”

“யாரு விளையாடறா? ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு வருஷம். ராகான் கையில தாள் வந்ததும் புதுசா நிக்காஹ் பண்ணிக்குவோம். இந்தத் தடவை உங்க அண்ணனையும் கூப்பிடுவோம்.”

நீதிபதி நல்ல மனிதர். இருபத்தோரு வருஷக் குடும்பத்தை ஏன் கலைக்கிறீர்கள் என்று பிடிவாதமாகக் கேட்டார். இருவருமே காரணம் யோசித்து வைக்கவில்லை. கடைசியில் தஹாம் சொன்னார்: “இவ பேசறதே இல்ல ஐயா. நாளெல்லாம் மத்தவங்க பேசினதை எழுதிட்டு வீட்டுக்கு வந்தா வாயே திறக்கிறதில்ல.” கோர்ட் எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது ஸபீகா கேட்டாளாம், “அது பொய்தானே?”

“இப்ப எதுக்கு அது” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைப் பார்க்க நடந்தார்.

ஸபீகா ஐந்து வேளை தொழுகிறவள். தலாக் கண்துடைப்பாக இருந்தாலும் அவளுக்கு அது தலாக்தான். அன்று மாலையே தஹாம் தன் துணிகளை எடுத்துக்கொண்டு திவானியாவுக்குப் போனார். ஆண்கள் கூடிப் பேசும் முன்னறை அது, தெருப்பக்கம் தனி வாசல். வீட்டுக்குள் வரும் கதவை ஸபீகா உள்பக்கம் தாழிட்டாள். சாப்பாட்டை ராகான் கொண்டுபோவான். மீனில் உப்பு கூடினால் அதே தட்டில் ஒரு தாள் திரும்பி வரும்: ‘முன்னாள் மனைவிக்கு, உப்பு.’ அவள் அவர் எதிரே போக நேர்ந்தால் அந்நிய ஆணுக்கு முன்னால் போவதுபோல் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

மறு வருஷம் ராகானுக்கு இருபத்தோரு வயது முடிந்தது, மனுவும் போட்டார்கள். அதே வருஷம் மன்றம் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. ஆதரவு முப்பத்தைந்து, எதிர்ப்பு இருபத்துமூன்று. அன்றைய நாடாவையும் அவள்தான் தட்டச்சு செய்தாள். அந்த முறை மூக்கை உறிஞ்சியது நானில்லை.

2006இல் மன்றம் கலைந்து தேர்தல் வந்தது. வேட்பாளர்கள் திவானியா திவானியாவாக ஏறி இறங்கினார்கள். ஒருவர் இவர்கள் வீட்டுக்கும் வந்தார். தஹாம் அவருக்கு ஏலக்காய்க் காபி ஊற்றினார்.

“உங்க ஓட்டு எனக்குத்தான்னு நம்பிட்டுப் போறேன் மாமா” என்றார் அவர்.

“என் வீட்டு ஓட்டு உள்ள இருக்கு தம்பி. கதவு அந்தப் பக்கம் தாழ் போட்டிருக்கு. வேணும்னா கத்திச் சொல்லுங்க, காது கேட்கும்.”

வேட்பாளர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்து, ஜெயித்தால் தாய்மார்களின் பிள்ளைகள் விஷயத்தை முதலில் எடுப்பேன் என்று உரக்கச் சொன்னார். ஸபீகா அவருக்கே ஓட்டுப் போட்டாள். அவர் ஜெயித்தார். சொன்னபடி எடுத்தார். அடுத்த கலைப்பில் அதுவும் விழுந்தது. அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை.

மனுவுக்கு ஒரு எண் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு மாதமும் போய்க் கேட்பாள். ‘பரிசீலனையில் இருக்கிறது.’ தஹாம் சொன்ன ஒரு வருஷம் இரண்டாகி, இரண்டு ஆறாகியது. ராகான் வேறொருவர் பெயரில் இருந்த கைபேசிக் கடையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். மகன் பெயரைச் சேர்த்துத் தாயை அழைக்கும் எங்கள் வழக்கப்படி நான் ஒருநாள் கேட்டேன், “உம்மு ராகான், போதும், புது நிக்காஹ் பண்ணிக்கக் கூடாதா?”

“பண்ணினா மனு விழுந்துரும். ஆறு வருஷம் பொறுத்தாச்சு. நாளைக்கே வந்துட்டா என்ன பண்ணுவேன்?” என்றாள். நெடுநேரம் நின்ற வரிசையை விட்டுப் போக மனமில்லாதவளின் குரல் அது.

2010 குளிர்காலத்தில் ஒரு பிற்பகல் ராகான் மச்பூஸ் சோற்றுத் தட்டோடு திவானியாவுக்குப் போனான். தஹாம் மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். நெஞ்சுவலியாக இருந்திருக்கும் என்றார்கள். மகன் “யுபா, யுபா” என்று அப்பாவைக் கூப்பிடுவது உள்ளே கேட்டது. ஸபீகா ஓடிவந்து தாழை நீக்கினாள். நீக்கியவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அப்துல்வஹாப் வந்து சேர்ந்தபோதும் அவள் அங்கேயே நின்றிருந்தாள். இருபத்தேழு வருஷமாகத் தங்கை கணவனோடு முகம் கொடுத்துப் பேசாதவர். அவளைப் பார்த்து, “உள்ள போ. போய்ப் பாரும்மா” என்றார்.

“போகலாமா? யாருகிட்டக் கேட்கணும்?” என்றாள் அவள். தூரத்திலிருந்தே முகத்தைப் பார்த்தாள். பிறகு ஆண்கள் வந்தார்கள். குளிப்பாட்டி, கபன் துணி போர்த்தி, மாலைத் தொழுகைக்குப் பின் அடக்கம் செய்துவிட்டார்கள்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் திண்டாடினார்கள். கணவனை இழந்தவளிடம் சொல்லும் வார்த்தைகள் இருக்கின்றன. இவளிடம் எதைச் சொல்வது? சிலர் ராகானின் தாய் என்ற வகையில் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் காபியைக் குடித்தார்கள். எங்கள் நாட்டில் விதவையான அரசு ஊழியருக்கு துக்க காலமான இத்தா இருக்க நாலு மாதம் பத்து நாள் விடுமுறை உண்டு. ஸபீகா விதவையில்லை. நான்காம் நாள் மன்றத்தில் அமர்வு. அவள் வேலைக்கு வந்துவிட்டாள்.

“வீட்டுக்குப் போங்க, நான் பார்த்துக்கறேன்” என்றேன்.

“வீட்ல என்னன்னு சொல்லி உட்காருவேன்?” என்று கேட்டுவிட்டுக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

அன்று தாய்மார்களின் பிள்ளைகள் விஷயமும் அவைக்கு வந்தது தற்செயல்தான். நிகழ்ச்சி நிரலில் பதினோராவதாக இருந்தது. பத்தாவது முடியுமுன் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக எழுந்து போக, போதிய எண்ணிக்கை இல்லை என்று அவை கலைந்தது. பதினோராவது ஒத்திவைக்கப்பட்டது. ஒரே வரி. அவள் தந்த தாள்களை நாடாவோடு ஒத்துப் பார்த்தேன். அன்றைக்கு ஒரு பிழையாவது இருக்கக்கூடாதா என்று என் மனம் அடித்துக்கொண்டது. ஒன்றுகூட இல்லை.

அடுத்த மாதம் வழக்கம்போல மனுவைப் பற்றிக் கேட்கப் போனாள், நானும் கூடப் போனேன். சன்னலில் புதிதாக ஒரு இளைஞன். இறப்புச் சான்றிதழை வாங்கிக் கோப்பில் வைத்தான். உதவ வேண்டும் என்று நினைக்கிற பையன்தான்.

“நல்லதாப் போச்சு அம்மா. தகப்பனார் தலாக் விட்டதும் இருக்கு, இறந்ததும் இருக்கு. ரெண்டு காரணம். மனு இப்ப பலமா இருக்கு.”

ஸபீகா அவனுக்கு நன்றி சொன்னாள். காரில் ஏறி உட்கார்ந்து சாவியைச் செருகினாள்.

“ஒரு காரணமே போதும்னு சட்டத்துல இருக்கு பத்ரியா. நான் பேசாம இருந்திருந்தா அவரு சாகும்போது என் புருஷனா செத்திருப்பாரு” என்றாள்.



அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தாள். பெண் உறுப்பினர்களின் குரல்களையும் தட்டச்சு செய்தாள். நீதிமன்றம் ஒரு மன்றத் தேர்தலையே செல்லாது என்று சொன்னபோது, நடக்காததாகிவிட்ட அமர்வுகளின் குறிப்புகளை என்ன செய்வதென்று மேலே கேட்டு எழுதியதும் அவள்தான். அறுபத்தைந்தில் ஓய்வு பெற்றாள். ராகான் ஒரு பிதூன் பெண்ணை மணந்துகொண்டான். நுஹா என்று ஒரு மகள். பிறப்புச் சான்றிதழில் நாடு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது.

2024 ஏப்ரலில் தேர்தல் நடந்தது. முழங்கால் வலியோடு ஸபீகா போய் ஓட்டுப் போட்டாள். முதல் அமர்வுக்குச் சில நாள் இருக்கையில் மன்றம் கலைக்கப்பட்டது. இந்த முறை உடனே தேர்தல் இல்லை. நான்கு வருஷம் வரை மன்றமே இல்லாமல் இருக்கலாம் என்று ஆணை. மறுநாள் மதியம் அவளைப் பார்க்கப் போனேன். ராகானும் சாப்பிட வந்திருந்தான். தாடியில் நரை விழுந்திருந்தது.

“மண்டபத்துக்குள்ள ஒரு நாள்கூடப் போகாத ஆளுக்கு ஓட்டுப் போட்டிருக்கேன்” என்றாள் ஸபீகா, மீனைப் பரிமாறிக்கொண்டே. “நாலு வருஷம்னா எனக்கு எழுபத்தொண்ணு.”

“கணக்குப் போடாதீங்க யும்மா” என்றான் ராகான்.

“போடல. நுஹாவுக்கு அப்ப பதிமூணு.”

“யும்மா.”

“சரி, சாப்பிடு.”

அவன் சாப்பிட்டான். நான் விடைபெறும்போது, வியாழக்கிழமை அலுவலகம் திறந்திருக்குமா, மனுவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று என்னிடம் விசாரித்தாள். திறந்திருக்கும் என்றேன். ராகான் தட்டைக் கழுவப் போனான்.